புதுமண்டபத்தில் கடைகள் இருந்தபோது மதுரைக் கடைவீதி எப்படி இயங்கியது?

"அழகர் வேடத் துணியைப் புதுமண்டபத்தில்தான் தைப்போம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது போய்ப் பார்த்தால் மண்டபத்தில் ஒரு கடைகூட இல்லை. அங்கே என்னதான் இருந்தது, எப்படி வாங்கினார்கள், இன்று அதெல்லாம் வேண்டுமென்றால் எங்கே போவது?" இதுதான் உங்கள் கேள்வி. (சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகை ஆற்றில் இறங்கும்போது பக்தர்கள் போடுவதுதான் அழகர் வேடம்.)

மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தை மட்டும் தனியாக எடுத்துச் சொன்னால் பதில் பாதியிலேயே நின்றுவிடும். ஒரு சாமானை ஒரே கடையில் முழுசாக வாங்கி வருகிற இடமாக மதுரைக் கடைவீதி இருந்ததில்லை. துணி ஒரு தெரு, தையல் ஒரு தெரு, சலங்கை ஒரு தெரு. நாலு தெரு நடந்தால்தான் ஒரு பொருள் உருவாகும். அந்த நாலு தெருவும் பத்து நிமிட நடைக்குள் இருந்ததுதான் அந்தக் கடைவீதியின் பலம். புதுமண்டபம் அதில் தையல் நடந்த இடம்.

முதலில் தெருக்கள். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி உள்ளிருந்து வெளியே ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதப் பெயரிலேயே வீதிகள் அடுக்கடுக்காகப் போகும். கடைசிச் சுற்று வெளி வீதி. அங்கே ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரித்தார். அந்த வேலையைப் பார்த்த சர்வேயர் மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோரின் பெயர்கள் இன்றும் தெருப் பெயராக நிற்கின்றன. பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்குக் கம்பம்தான் விளக்குத்தூண். கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் சேர்கிற அந்த முனைதான் ஜவுளி வாங்க வருகிறவர்களுக்கு அடையாளம்.

மாசி வீதிகளில் சித்திரைத் தேர் சுற்றும். அதனால் அந்த நாலு வீதியும் அகலம் குறையாமல் காப்பாற்றப்பட்டன. கடைக்காரர் கூரையை எவ்வளவு நீட்டினாலும் தேருக்கு முன் மடக்கியாக வேண்டும். மாசி வீதிக்கு உள்ளே போகப் போகச் சந்துகள். கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரம். தெற்காவணி மூல வீதி நகைக்கடை. தெற்குமாசி வீதி, விளக்குத்தூண், பத்துத்தூண் சந்து ஜவுளி. வடக்காவணி மூல வீதியில் அப்போது சென்ட்ரல் மார்க்கெட், காய்கறி. பாத்திரத்துக்கு வெண்கலக்கடைத் தெரு. பத்துத்தூண் சந்தில் இருக்கும் தூண்கள் நாயக்கர் அரண்மனையில் மிஞ்சியவை. ஜவுளிக் கடைகளுக்குப் பின்னால் மறைந்து நிற்பதால் பலர் தூணைப் பார்க்காமலே துணி வாங்கிப் போயிருப்பார்கள்.

இனி புதுமண்டபம். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் (ஆட்சிக் காலம் 1623–1659) கட்டிய வசந்த மண்டபம் அது. 333 அடி நீளம், 105 அடி அகலம், 124 தூண்கள். வைகாசியில் வசந்த உற்சவத்துக்குச் சுவாமி எழுந்தருள மேற்குக் கோடியில் கருங்கல் மேடை உண்டு. சுற்றிலும் தண்ணீர் நிற்க ஓடை போன்ற பள்ளம் வைத்திருந்தார்கள். வெயில் காலத்தில் மண்டபம் குளுமையாக இருக்கத்தான் அந்த ஏற்பாடு. நடுப்பாதைத் தூண்களில் நாயக்க மன்னர்கள் பத்துப் பேர் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறார்கள். மீனாட்சி திருக்கல்யாணமும் கரும்பு தின்னும் கல் யானையும் அங்கேதான். கடைகள் இருந்த காலத்தில் இந்தச் சிலைகளின் இடுப்புக்குக் கீழே பார்க்க முடியாது. தூணுக்குத் தூண் மரத்தட்டு, தட்டின் மேல் துணிக்கட்டு, மன்னரின் முழங்கையில் சட்டை தொங்கும்.

உள்ளே சுமார் 300 கடைகள். வெளி ஓரத் தூண்வரிசையில் தையல்காரர்கள் பலர் இருந்தார்கள். காரணம் வெளிச்சம். மண்டபம் கிழக்கு மேற்காக நீண்டது; பக்கவாட்டில் இருந்துதான் வெளிச்சம் வரும்; நடுவில் பட்டப்பகலிலும் குண்டு பல்பு எரிய வேண்டும். சிவப்புத் துணிக்கும் அரக்குத் துணிக்கும் நூல் பார்த்துச் சேர்க்க மஞ்சள் பல்பு உதவாது. அதனால் வளையல், பாசி, புத்தகம், மரச்சொப்புச் சாமான் மாதிரி நிறம் கொஞ்சம் முன்னேபின்னே தெரிந்தாலும் பரவாயில்லாத கடைகள் உள்ளே போய்விடும்.

தையல்காரர்களில் முஸ்லிம்கள் நிறையப் பேர். கோயில் தேருக்கும் கருப்பசாமிக்கும் அழகருக்கும் தலைமுறை தலைமுறையாகத் தைத்தவர்கள் அவர்கள். மதுரைக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. வெளியூர்க்காரர்கள்தான் ஆச்சரியப்படுவார்கள்.

அழகர் வேடத்துக்கு என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். இடுப்புக்குச் சல்லடம் என்கிற அரைக்கால்சட்டை, மேலே சட்டை, தலைக்கு உருமா, காலுக்குச் சலங்கை. தண்ணீர் பீய்ச்சுகிறவர் என்றால் தோளில் தோப்பறை என்கிற தோல்பை. திரி எடுக்கிறவர் என்றால் கையில் திரி. சல்லடத்துக்கும் சட்டைக்கும் சாட்டினோ வெல்வெட்டோ விளக்குத்தூண் பக்கம் வாங்கி, ஜிகினாவும் சரிகை நாடாவும் மண்டபத்திலேயே எடுத்து, அங்கேயே அளவு கொடுத்துத் தைத்து, சலங்கையைப் பாத்திரக் கடைப் பக்கம் வாங்கினால் ஒரே நாளில் வேலை முடியும்.

சல்லடம் தைப்பதில் தவறு நடக்கிற இடங்கள் மூன்று. ஒன்று, இடுப்பு. எலாஸ்டிக் வைத்தால் தண்ணீர் பட்டு நனைந்ததும் துணியின் பாரத்தில் இறங்கும். ஆற்றுக்குள் ஆடுகிற ஆள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஆட வேண்டிவரும். நாடாதான் சரி. இரண்டு, சாயம். சிவப்புச் சாட்டின் நனைந்தால் உள்ளே இருக்கும் வெள்ளை லைனிங்கில் இறங்கும். லைனிங் துணியையும் சிவப்பிலேயே போட வேண்டும், அல்லது மேல்துணியை உப்புத் தண்ணீரில் ஒரு தடவை அலசிக் காயவைத்து வெட்ட வேண்டும். மூன்று, ஜிகினா. நெருக்கமாகத் தையல் போட்டால் ஊசித் துளைகள் வரிசையாக விழுந்து, தபால் தலை கிழிகிற மாதிரி அந்தக் கோட்டிலேயே ஜிகினா பிய்ந்துவிடும். தெரிந்த தையல்காரர் மெஷினில் தையல் நீளத்தைக் கூட்டி வைத்துக்கொண்டுதான் ஜிகினாவைத் தொடுவார். 36 அங்குல அகலத் துணியில் பெரிய ஆளுக்கு முழங்கால் வரைக்கும் சல்லடம் என்றால் சுமார் இரண்டு மீட்டர் போகும். கீழ்ச்சுற்றை விரித்துக் குஞ்சம் வைக்கக் கேட்டால் இன்னும் அரை மீட்டர்.

தோப்பறை ஆட்டுத்தோல் பை. ஒரு வருஷம் பரணில் கிடந்தால் விறைத்துப் போகும். அப்படியே தண்ணீர் ஊற்றி அமுக்கினால் மடிப்பில் வெடிக்கும். முதல் நாள் இரவே ஊறப்போட்டு, தோல் இளகிய பிறகு தையலில் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, கசிந்தால் அந்த இடத்தை மறுபடி இறுக்கித் தைக்க வேண்டும். திருவிழா முடிந்ததும் நிழலில் உலர்த்தி எண்ணெய் தடவி வைத்தால் பல வருஷம் உழைக்கும். வெயிலில் காயப்போட்டால் அடுத்த சித்திரைக்கு வேறு பைதான் வாங்க வேண்டும்.

மண்டபத்தின் உண்மையான கைத்திறன் என்று கேட்டால் தொம்பையைத்தான் சொல்ல வேண்டும். தேரின் மூலைகளிலும் சப்பரத்திலும் உருளை உருளையாகத் தொங்குமே, அதுதான் தொம்பை. பார்த்தால் சுலபமாகத் தெரியும்; கணக்கு மட்டும் கறாரானது. அக்காலத்துத் துணி பெரும்பாலும் 36 அங்குல அகலம். வளையம் 12 அங்குல விட்டம் என்று கேட்டால் சுற்றளவு 37¾ அங்குலத்துக்குப் பக்கம் வரும். துணி எட்டாது, ஒட்டுப் போட வேண்டும். ஒட்டுப் போட்ட தொம்பை காற்றில் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். வளையத்தை 11 அங்குலமாக எடுத்தால் சுற்றளவு 34½ அங்குலம். இரு ஓரத்திலும் அரை அரை அங்குலம் தையலுக்கு விட்டால் 35½. துணி அகலத்துக்குள் கச்சிதமாக அடங்கும். ஒரே தையல், ஒரே மூட்டு.

ஆறடித் தொம்பைக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஐந்து வளையம். ஒவ்வொரு வளையத்தையும் உள்ளே நுழைக்க ஒன்றரை அங்குல மடிப்பு. ஆக 72 அங்குலத்தோடு ஏழரை அங்குலம் சேரும். கடையில் இரண்டே கால் கஜம் கேட்டு வாங்குவது இந்தக் கணக்கில்தான். கீழே தொங்கும் ஜாலருக்குத் தனித்துணி. வளையம் பிரம்பா, இரும்புக் கம்பியா என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரம்பு இலேசு, ஆனால் பூச்சி அரிக்கும், ஒரு பக்கம் நசுங்கினால் வடிவம் திரும்பாது. கம்பி வடிவம் மாறாது, ஆனால் மழையில் நனைந்தால் துணியில் துருக்கறை வளையம் வளையமாக இறங்கும். கம்பிக்கு முதலில் துணிநாடா சுற்றிவிட்டு நுழைத்தால் கறையைத் தள்ளிப்போடலாம். மேலே யாளி, மயில், தாமரை என்று வெட்டிவைத்துத் தைக்கிற ஒட்டுவேலையிலும் இரண்டு தரம் உண்டு. நல்லதில் வெட்டுத்துணியின் விளிம்பை உள்ளே மடித்துத் தைப்பார்கள். மட்டமானதில் மைதாப் பசையில் ஒட்டிவிட்டு மேலோட்டமாக ஒரு தையல். ஒரு மழையில் பசை கரையும். மழை படாமல் பெட்டியில் வைத்தால் கரப்பான் தின்னும். விளிம்பை நகத்தால் நெருடிப் பார்த்தால் போதும், எது என்று தெரிந்துவிடும்.

முடிந்த தொம்பையை அமுக்கினால் தட்டு மாதிரி அடங்கிவிடும். ஆறடிச் சாமானை மடியில் வைத்துக்கொண்டு ராமநாதபுரத்துக்கும் தேனிக்கும் பஸ்ஸில் போனார்கள் என்றால் அதனால்தான்.

திருவிழா இல்லாத மாதங்களில் பாவாடை, ஜாக்கெட், பள்ளிக்கூட யூனிஃபார்ம், தலையணை உறை. துணியை வெளியே வாங்கிக்கொண்டு, பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்குக் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அம்மன் சன்னதியில் சாமி கும்பிட்டுத் திரும்பினால் தைத்து வைத்திருப்பார்கள். அவசரத்தில் தைப்பதால் உள்ளே தையலுக்கு விடும் துணி குறைவாக இருக்கும். பிள்ளைகளின் உடுப்புக்கு "உள்ளே ஒரு அங்குலம் விட்டுத் தையுங்கள்" என்று கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள் அடுத்த வருஷமும் பிரித்துப் போட்டுக்கொள்வார்கள்.

புத்தகக் கடைகளைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. பஞ்சாங்கம், பெரிய எழுத்துக் கதைகள், ஜோதிடம், பரீட்சைக்கான கைடுகள். ஜூன் மாதம் மாணவர் கூட்டம், தமிழ் வருஷப் பிறப்புக்கு முன் பஞ்சாங்கக் கூட்டம்.

மண்டபத்துக்குக் கிழக்கே எழுகடல் தெரு. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை ஏழு கடலிலும் நீராட ஆசைப்பட, இறைவன் ஏழு கடலையும் ஒரு குளத்துக்கு வரவழைத்தார் என்பது திருவிளையாடல். குளம் இல்லை, பெயர் இருக்கிறது; காஞ்சனமாலைக்குக் கோயிலும் இருக்கிறது. அதைத் தாண்டினால் கட்டி முடிக்கப்படாத ராயகோபுரம். ஒரே கல்லால் ஆன அதன் நிலைக்கால்கள் அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம். அதன் அடித்தளத்தை ஒட்டியும் கடைகள் நெருக்கமாக இருந்தன. இரும்புச் சட்டி, தோசைக்கல், அரிவாள்மனை, பாத்திரம் எல்லாம் அந்தப் பக்கம்.

பாத்திரக் கடையில் பித்தளையும் வெண்கலமும் எடைக்குத்தான். பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதுசு எடுப்பது வழக்கம். பழசின் எடையில் கழிவு பிடிப்பார்கள். ஈயம், கரி, உள்ளே தேங்கிய அழுக்கு எல்லாவற்றுக்குமாக. வீட்டிலேயே புளி போட்டுத் தேய்த்துக் காயவைத்துக் கொண்டுபோனால் அந்தக் கழிவைப் பேசிக் குறைக்கலாம்.

பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும். அதனால் உள்ளே ஈயம் பூச வேண்டும். கடைத்தெருவை ஒட்டி ஈயம் பூசுகிறவர் துருத்தியோடு உட்கார்ந்திருப்பார். அந்த வேலையின் வரிசை இது: பாத்திரத்தின் உட்புறத்தைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுப் பழைய பூச்சு போகும்வரை தேய்ப்பார். கரியடுப்பில் குப்புறக் காட்டிச் சூடேற்றுவார். சூடு பதமானதும் நவச்சாரத் தூளைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை எழும்பும். அந்த நொடியில் ஈயக் குச்சியை உள்ளே இழுத்தால் உருகி ஓடும். உடனே பஞ்சுக் கற்றையால் ஒரே சுழற்சியில் எல்லாப் பக்கமும் வழித்துவிட்டுத் தண்ணீரில் முக்குவார். மஞ்சளாக இருந்த பாத்திரம் நிலா மாதிரி வெளுத்துவிடும்.

சரியாகத் தேய்க்காவிட்டால் ஈயம் பரவாது. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டை உருண்டையாக நிற்கும். சூடு அதிகமானால் பூச்சு பழுப்பேறும். எல்லாவற்றையும்விட மோசமானது, வெள்ளீயத்தில் காரீயம் கலப்பது. காரீயம் மலிவு, கலந்தால் சீக்கிரம் உருகும், ஆனால் உடம்புக்கு விஷம். சுத்த வெள்ளீயக் குச்சியைக் காதருகே வைத்து வளைத்தால் நறநறவென்று சத்தம் வரும். காரீயம் கலந்தது சத்தமில்லாமல் வளையும், வெள்ளைத் தாளில் தேய்த்தால் கறுப்பாகக் கோடு விழும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். பூசிய பாத்திரத்தை வெறுமையாக அடுப்பில் வைத்துவிட்டு மறந்தால் ஒரு வருஷத்துக்கான பூச்சு ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

எவர்சில்வர் வந்தபிறகு ஈயம் பூசுவது குறைந்து, பேர் வெட்டுவது கூடியது. கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் கொடுத்தவர் பெயரும் தேதியும் வெட்டித்தான் கொடுப்பார்கள். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. வெட்டினால் அழிக்க முடியாது. அதனால் பெயரை வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ல, ள, ழ மூன்றும் கடைச் சத்தத்தில் ஒன்றாகத்தான் கேட்கும். இன்று மதுரை வீடுகளில் பரணைத் திறந்தால் 1970-களில் யார் யாருக்கு என்ன முறை செய்தார்கள் என்பதை அந்தக் குடத்துக் கழுத்திலேயே படித்துவிடலாம்.

சுங்குடியையும் விட்டுவிடக் கூடாது. சௌராஷ்டிரர்களின் கைவேலை இது. 2005-ல் புவிசார் குறியீடு பெற்றது. பருத்திச் சேலையை மடித்துக் கட்டம் பிடித்து, ஒவ்வொரு புள்ளியையும் நகத்தால் கிள்ளி நூல் சுற்றி முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் பிரிப்பார்கள். பிரித்த இடத்தில் புள்ளி வெள்ளையாகவும் அதன் நடுவில் சின்னதாகச் சாயப் பொட்டுடனும் நிற்கும். முடிச்சுச் சேலையைத் தடவினால் புள்ளி விரலில் மொட்டுப்போல் தட்டுப்படும். ஒரு புள்ளி போல் மறு புள்ளி இருக்காது. அச்சுச் சேலையில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, துணி தட்டையாக இருக்கும். இரண்டும் சுங்குடி என்ற பெயரில்தான் கிடைக்கும். அச்சுச் சேலை மோசம் என்று சொல்லமாட்டேன், தினசரி உடுத்த அதுதான் வசதி. விலை மட்டும் முடிச்சுச் சேலைக்கானதாக இருக்கக் கூடாது. புதுச் சேலையை முதல் இரண்டு அலசல் உப்புப் போட்ட தண்ணீரில் தனியாகத்தான் போட வேண்டும், காயவைப்பது நிழலில்.

இன்னொரு தகவல். மேலமாசி வீதி வீடு ஒன்றில் தங்கியிருந்தபோதுதான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி தம் முழு உடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். துணி வியாபாரமே உயிரான இந்த ஊரில் அது நடந்தது. அந்த இடத்தில் இப்போது கதர்க் கடை இருக்கிறது.

வடக்காவணி மூல வீதியின் சென்ட்ரல் மார்க்கெட் ராத்திரியில் விழித்த இடம். லாரி உள்ளே நுழைய முடியாத தெருக்கள், அதனால் மாசி வீதியில் இறக்கிக் கைவண்டியில் தள்ளுவார்கள். விடிவதற்குள் ஓட்டல்காரரும் சமையல்காரரும் எடுத்துவிட்டுப் போக, மிச்சம் சில்லறைக்கு. வாழை இலைக் கட்டு வாங்கும்போது நூறு என்று எண்ணிக் கட்டினாலும் ஐந்தாறு கிழிசல் உள்ளே இருக்கும். பந்திக் கணக்கைவிட பத்து சதவீதம் கூடச் சொல்வது சமையல்காரர் வழக்கம். காய்கறி அங்கே, மளிகை கீழமாசி வீதியில், பாத்திரம் வாடகைக்குப் பக்கத்துச் சந்தில் என்பதால் ஒரு கல்யாணத்துக்கான முழுச் சாமானையும் ஒரே கைவண்டியில் ஏற்ற முடிந்தது. மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போனபின் அந்தக் கைவண்டி ஓட்டம் நின்றுபோனது. பழைய இடத்தில் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் வந்திருக்கிறது.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1999-ல் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் வந்ததும் வெளியூர்க் கூட்டம் கடைவீதிக்கு நடந்து வரும் தூரத்தில் இறங்குவது குறைந்தது. 2016-ல் மதுரை ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் சேர்ந்தது. பெரியார் பேருந்து நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். அந்த வேலை நடந்த காலத்தில் சுற்றுவட்டக் கடைகளுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. சித்திரை வீதிகளில் வண்டி போகாமல் கல் பரப்பினார்கள்.

இடையில் 2018 பிப்ரவரி 2 இரவு கோயிலின் கிழக்குக் கோபுரத்தை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அங்கிருந்த கடைகள் எரிந்தன, மண்டபத்தின் கல்லும் நொறுங்கியது. கருங்கல் எரியாது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரிச் சூட்டில் சட்டென்று விரியும். கல் உள்ளுக்குள்ளேயே பிளக்கும். சூடான கல்லில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் மேல்பரப்பு தகடு தகடாக உரியும். துணியும் ஜிகினாவும் அட்டைப்பெட்டியும் நெருக்கி அடுக்கிய புதுமண்டபத்தில் இப்படி ஒன்று நடந்திருந்தால் நாயக்கர் காலத்துச் சிற்பங்களில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. கோயிலுக்குள் இருந்த கடைகள் முதலில் அகற்றப்பட்டன. பின்னர் புதுமண்டபக் கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரம் என்ற மாடிக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டன.

மண்டபத்தைக் காலி செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆணி அடித்த தூண்களும், எண்ணெய்க் கை பட்டுக் கறுத்த சிலைகளும் நாள்தோறும் கெட்டுக்கொண்டிருந்தன. ஆனால் மண்டபத்தின் தரைக் கடைக்கும் மாடிக் கட்டடத்தின் கடைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மண்டபத்தில் எல்லாக் கடையும் ஒரே தளம். கிழக்கே இருந்து கோயிலுக்குப் போகிறவர் அதன் வழியாக நடப்பார். நடக்கிறவர் கண்ணில் தொம்பை பட்டால் "ஊர்க்கோயிலுக்கு ஒன்று எடுக்கலாமே" என்று நிற்பார். மாடியேறித் தொம்பை தேடி வருகிறவர் ஏற்கெனவே வாங்கத் தீர்மானித்தவர் மட்டும்தான். தற்செயலாக வந்து நிற்கும் கூட்டம் போனதுதான் அந்தத் தொழிலுக்கு விழுந்த அடி. வாடகையும் இடமும் அதற்கு அடுத்ததுதான். தையல்காரர்களை ஒரே தளத்தில், தெருவைப் பார்த்தபடி வைத்திருந்தால் பாதி பிரச்சினை வந்திருக்காது.

இப்போது நீங்கள் வேடத்துணி தைக்க வருவதாக இருந்தால் மாசி மாதத்துக்குள் வந்துவிடுங்கள். கொடியேற்றத்துக்குப் பிறகு வந்தால் தைத்து வைத்ததில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். இடுப்பும் உயரமும் பொருந்தினால் அதிர்ஷ்டம். குன்னத்தூர் சத்திரத்தில் தையல்காரரைப் பார்த்து எவ்வளவு துணி என்று முதலில் எழுதி வாங்குங்கள். பிறகு விளக்குத்தூண் போய்த் துணி எடுத்துத் திரும்புங்கள். முதலில் துணி வாங்கிவிட்டுத் தையல்காரரிடம் போனால் கால் மீட்டர் குறைவாக இருக்கும். அதே சாயத்தில் மறுபடி துணி கிடைக்காது. பழைய சல்லடம் வீட்டில் இருந்தால் கிழிந்திருந்தாலும் கையோடு கொண்டுவாருங்கள். அதைப் பிரித்து மேசையில் விரித்து அளவு எடுப்பது டேப் வைத்து எடுப்பதைவிடச் சரியாக இருக்கும்.

தொம்பையோ குடையோ செய்யக் கொடுப்பதாக இருந்தால் தொங்கவிடும் இடத்தின் உயரத்தைக் கயிறு பிடித்து அளந்து, முடிச்சுப் போட்டு, அந்தக் கயிற்றையே கொண்டுவந்து கொடுங்கள். அடிக்கணக்கு சொல்வதில் ஆளுக்கு ஆள் மாறும். காய்கறி, பூ இரண்டுக்கும் மாட்டுத்தாவணிதான் போக வேண்டும். மார்கழி, தை மாதங்களில் பனிக்கு மல்லிகை அரும்பு குறையும், முகூர்த்த நாளும் சேர்ந்துகொண்டால் விலை எகிறும். அந்த மாதத்தில் மாலைக்குச் சம்பங்கி கலந்து கட்டச் சொல்வதில் தப்பில்லை.

புதுமண்டபத்துக்குள் போய்ப் பார்க்க முடிகிற நாளில் போனால் நடுப்பாதையில் மெதுவாக நடங்கள். வெளி ஓரத் தூண்களில் இடுப்பு உயரத்துக்கு எண்ணெய்ப் பளபளப்பு தெரிகிற இடங்களைக் கவனியுங்கள். மெஷின் போட்டிருந்த இடங்கள் அவை.